தோல்வார் வைத்த சேடில் பை: புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சைக்கிள் சீட்டின் பின்னால் தோல்வார்களால் கட்டித் தொங்கவிடும் கித்தான் பை ஒன்றை நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்னுடன் ஓட்டுகிறவர்களில் நான்கைந்து பேர் அதைப் பார்த்துத் தாங்களும் ஆளுக்கொன்று தருவித்துக்கொண்டார்கள். பை வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரும் தனித்தனியே அழைத்து, சொல்லி வைத்ததுபோல் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளும், அவர்களுக்குச் சொன்ன பதில்களும், சொல்ல மறந்து பிறகு நினைவுக்கு வந்தவையும் கீழே உள்ளன. புதுப் பையைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் படியாத வார்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே பதில்களில் பாதி வாரைப் பற்றியே இருக்கும்.

சீட்டுக்கு அடியில் செருகிக்கொள்ளும் சிறிய பையும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. சீட்டுக்கு அடியில் செருகும் ஆப்பு வடிவப் பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சாவி ஆகியவற்றை வைக்கலாம். அதற்குமேல் இடம் இருக்காது. இங்கே பேசப்படுவது சீட்டின் பின்னால் குறுக்குவாட்டில் தொங்கும் பெரிய பை. அதன் மேல்விளிம்பின் உட்புறத்தில் ஒரு மரக்கோல் படுக்கையாக இருக்கும். இரண்டு தோல்வார்கள் அந்தக் கோலைச் சுற்றி வெளியே வந்து, சீட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு உலோக வளையங்களில் நுழைந்து பக்கிளில் முடியும். மூன்றாவது வார் பையின் முன்சுவரிலிருந்து புறப்பட்டு, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைச் சுற்றிக்கொள்ளும். பையின் முழுப் பாரமும் முதல் இரண்டு வார்களில் தொங்குகிறது. மூன்றாவது வார் பை ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே இருக்கிறது. இந்த வேலைப் பிரிவினை மனத்தில் இருந்தால் பின்வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் லங்காஷர் மாவட்டத்தில் உள்ள நெல்சன் என்ற ஊரின் கேரடைஸ் நிறுவனத்துப் பைகள். வில்ஃப் கேரடைஸ் என்பவர் 1932இல் அதைத் தொடங்கினார். நெல்சன் பருத்தித் தறிகளால் வளர்ந்த ஊர் என்பதால், அங்கிருந்து பருத்திக் கித்தான் பை வந்ததில் வியப்பில்லை. அவர்களுடைய நெல்சன் லாங்ஃபிளாப் ஏறக்குறைய 18 லிட்டரும், கேம்பர் லாங்ஃபிளாப் ஏறக்குறைய 24 லிட்டரும் கொள்ளும். லாங்ஃபிளாப் என்பது நீளமாக இழுத்துவிடக்கூடிய மேல்மூடி. பை பிதுங்கும் அளவுக்கு நிரம்பினாலும், மடித்து வைத்த பகுதியைப் பிரித்து இழுத்து மூடிவிடலாம். பைக்குள் தைத்திருக்கும் துணிச்சீட்டில், அதைத் தைத்தவர் தம் கையால் பெயரெழுதி அனுப்புவது அங்கே வழக்கம். துணியின் பெயர் ‘காட்டன் டக்’ என்பதைக் கேட்டு வாத்தைத் தேட வேண்டாம். துணி என்று பொருள்படும் டச்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் அப்படித் திரிந்து நிற்கிறது.

என் சீட்டில் வார் கோக்க வளையமே இல்லை. என்ன செய்வது?

வளையம் பழைய வகைத் தோல் சீட்டுகளோடு வருவது. பர்மிங்காமில் 1866இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 சீட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்தகட்டில் இரண்டு நீள்துளைகள் தெரியும். வார் நுழைவதற்கென்றே வைத்தவை அவை. இன்றைய பிளாஸ்டிக் அடித்தளம் கொண்ட சீட்டுகளில் அவை இருப்பதில்லை. சீட்டின் அடிக்கம்பிகளில் திருகி மாட்டும் தனி வளையங்கள் விற்கின்றன, வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்திய பிறகு முதல் சில நாட்களில் அந்தத் திருகுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிவிடுங்கள்.

நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் உள்ளதுபோல் பின்னால் சுருள்வில் வைத்த சீட் என்றால், வில்லைச் சுற்றியே வாரைக் கட்டிவிடலாம் என்று தோன்றும். கட்டாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வில் அமுங்கி விரியும்போது இரண்டு சுற்றுகளுக்கு இடையில் தோல் சிக்கி நசுங்கும். சில வாரங்களில் அந்த இடம் எலி கடித்ததுபோல் ஆகிவிடும். பாரத்தையெல்லாம் கேரியரில் ஏற்றிப் பழகியவர்கள் நாம் என்பதால், சீட்டில் வளையம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை.

பைக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

வளையத்திலிருந்து டயரின் மேற்பரப்பு வரை (மட்கார்டு இருந்தால் அதன் மேற்பரப்பு வரை) நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பையின் உயரத்தைக் கழித்த பிறகு நான்கு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். அளக்கும்போது பை நிறைந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். காலிப் பை தன் வடிவில் நிற்கும். நிறைந்த பையின் அடிப்பகுதி தொப்பைபோல் கீழே சரியும். அதற்குமேல் புது வார் ஓரிரு வாரங்களில் நீண்டு இன்னும் ஓர் அங்குலத்தைக் கீழே விட்டுக்கொடுக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் மாதம் மட்கார்டு இல்லாமல் ஓட்டினேன். மாமல்லபுரம் போய்த் திரும்பிய ஒரு காலையில் டயரின் பக்கமிருந்து மெல்லிய உரசல் ஒலி வந்துகொண்டே இருந்தது; பிரேக் கட்டை உரசுகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பையின் அடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகெல்லாம் வழிக்கப்பட்டு, துணியின் நூலிழைகள் வெளுத்துத் தெரிந்தன. இன்னும் 20 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பொத்தல் விழுந்திருக்கும். உயரம் குறைந்தவர்கள், அதாவது சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுபவர்கள், பெரிய அளவுப் பையை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுவது நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால் தாங்கி ஒன்று தேவைப்படும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

புது வார் பக்கிளுக்குள் நுழையவே மறுக்கிறது. துளையைப் பெரிதாக்கலாமா?

வேண்டாம். பெரிதாக்கிய துளை திரும்பச் சிறிதாகாது. புது வாரின் தோல் அட்டையைப் போல விறைத்திருக்கும். அதன் வெட்டு விளிம்புகள் கூர்மையாக இருக்கும். பையை மாட்டுவதற்கு முன், வாரின் முனையிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாகக் கட்டை விரலின் மேல் வளைத்து நிமிர்த்துங்கள். வளையும் இடத்தின் மேற்புறம் சற்று வெளுத்து, விட்டவுடன் மீண்டும் நிறம் திரும்புவதைக் காணலாம். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் வார் கையில் துவளத் தொடங்கும். கடைசித் துளையைத் தாண்டிய நுனிப்பகுதியில் மட்டும் மெழுகுவர்த்தித் துண்டை ஒரு முறை தேய்த்துவிட்டால் பக்கிளின் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். பக்கிள் முள் துளைக்குள் இறங்க மறுத்தால், பேனா மூடியின் மழுங்கிய முனையைத் துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும்.

முதல் நாள் மாட்டுவதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது; கட்டை விரல் நகத்தடியில் ஒரு கீறலும் விழுந்தது. இப்போது மூன்று வார்களையும் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடுகிறேன்.

ஒரே வாரத்தில் வார்கள் தளர்ந்துவிட்டன. பையில் ஏதேனும் குறையா?

குறையில்லை. என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வியும் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான்.

இத்தகைய வார்களுக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலே ஏற்றது. அந்தத் தோல் நார்நாராகப் பின்னிய ஒரு பாய் போன்றது. பாரம் தொங்கும்போது, ஒழுங்கற்றுக் கிடந்த நார்கள் இழுபடும் திசையில் மெல்ல வரிசைப்படுகின்றன. வரிசைப்பட்ட அளவுக்கு வார் நீள்கிறது. இந்த நீட்சி முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் அதே தோல் அசையாமல் நிற்கும். மழையில் நனைந்தபடி பாரம் தாங்கினால் மட்டும் நீட்சி மறுபடியும் கொஞ்சம் கூடும், ஏனெனில் ஈரத்தில் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குகின்றன.

ஆகவே முதல் மாதத்தில் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மூன்று வார்களையும் இழுத்துப் பாருங்கள். எந்தத் துளையில் பக்கிள் முள் நிற்கிறதோ அதன் பக்கத்தில், வாரின் உட்புறத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வாரங்களுக்குப் பின் இடது வாரில் ஒரு புள்ளியும் வலது வாரில் மூன்று புள்ளிகளும் இருந்தால், நீங்கள் பாரத்தை வலப்பக்கமாகவே ஏற்றி வருகிறீர்கள் என்று அர்த்தம். என் பையில் அப்படித்தான் இருந்தது: பூட்டையும் பம்பையும் வலது பக்கப் பையிலேயே போட்டு வந்திருக்கிறேன்.

தளர்வு இரண்டு துளைகளுக்கு நடுவில் நின்றுபோவதும் உண்டு. ஒரு துளையில் தொளதொளவென்றும் அடுத்த துளை எட்டாமலும் இருக்கும். செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனால் நடுவில் ஒரு துளை போட்டுத் தருவார். ஆணியால் குத்தித் துளை போடாதீர்கள். ஆணி தோலைக் கிழித்துக்கொண்டு போகும், கிழிசல் அங்கிருந்தே தொடங்கும். பஞ்ச் வைத்தால் வட்டமாக வெட்டி எடுக்கும்.

வாரை இளக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான் என்பதால் எல்லோருக்கும் இந்த யோசனை வருகிறது. தடவிய அன்று வார் அருமையாக இளகும். ஆனால் எண்ணெய் அங்கேயே நிற்பதில்லை. தோலுக்குள் ஊறி நார்களை வழுக்க வைத்து, நீட்சியைக் கூட்டிவிடும். வாரிலிருந்து கித்தானுக்கு இறங்கிக் கறையாகும். சாலைத் தூசு அதில் அப்பி அரம்போல உராயும். நம் கிராமங்களில் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுவந்த பழக்கம் வேறு கணக்கு. செருப்பு இளக வேண்டும், வாரோ பாரம் தாங்க வேண்டும்.

தேன்மெழுகு கலந்த தோல் பூச்சு எதுவாயினும் போதும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, வாரின் வழவழப்பான மேற்புறத்தில் மட்டும் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் தேவையில்லை. சென்னை வெயிலில் பை நிற்குமானால் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

மிதிக்கும்போது பை தொடையின் பின்புறத்தில் இடிக்கிறது.

அநேகமாக மூன்றாவது வாரை நீங்கள் மிக இறுக்கிவிட்டீர்கள். சீட் போஸ்ட்டைச் சுற்றும் அந்த வாரை இழுக்க இழுக்கப் பை முன்னோக்கி வந்து உங்கள் தொடைகளுக்கு இடையில் நுழையும். ஆடக்கூடாது என்ற அக்கறையில் எல்லோரும் செய்கிற தவறுதான் இது. ஒரு துளை தளர்த்திப் பாருங்கள்.

தளர்த்தினால் ஆடுகிறது, இறுக்கினால் இடிக்கிறது என்ற நிலை வந்தால், சீட் போஸ்ட்டுக்கும் பைக்கும் இடையில் ஓர் இடைக்கட்டை வைக்க வேண்டும். நான் குளிரூட்டிக் குழாய்க்கு மேல் போர்த்தும் கருப்பு நுரைக்குழாயில் ஒரு சாண் வெட்டி சீட் போஸ்ட்டில் மாட்டியிருக்கிறேன். அதன்மேல் வாரை இறுக்கினால் பை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளி நிற்கிறது, ஆட்டமும் இல்லை. சீட் போஸ்ட் கார்பனாக இருந்தால் இந்த நுரை இன்னொரு விதத்திலும் உதவும்: மணல் ஒட்டிய தோல்வார் நேரடியாக உரசினால் மேற்பூச்சு தேய்ந்துபோகும். சீட்டை மிகப் பின்னால் தள்ளி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடிப்பு பெரும்பாலும் வருவதில்லை.

எழுந்து நின்று மிதித்தால் சைக்கிளின் பின்பகுதி நாய் வால் போல ஆடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பழக வேண்டியிருக்கிறது. பை சீட் உயரத்தில், பின் அச்சிலிருந்து மிக மேலே தொங்குகிறது. உட்கார்ந்து மிதிக்கும்போது உங்கள் உடல் சீட்டைப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பாரம் தெரிவதில்லை. எழுந்து நின்று சைக்கிளை இடமும் வலமும் சாய்க்கும்போது, பை தன் போக்கில் அரை நொடி தாமதமாகப் பின்தொடர்கிறது. அந்தத் தாமதம்தான் ஆட்டமாக உணரப்படுகிறது.

மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைத்து உட்கார்ந்தபடியே ஏறிப் பாருங்கள். எழத்தான் வேண்டுமென்றால் சைக்கிளை அதிகம் சாய்க்காமல், தோளை அசைக்காமல் மிதியுங்கள். நான் இரண்டு வாரங்களில் பழகிவிட்டேன். பையில்லாத சைக்கிளை ஓட்டும்போதுதான் இப்போது ஏதோ குறைவதுபோல் இருக்கிறது.

ஏறி இறங்குவதிலும் ஒரு பழக்க மாற்றம் உண்டு. காலைப் பின்னால் வீசி ஏறுபவர்கள் முதல் வாரத்தில் பையை உதைக்காமல் இருந்ததில்லை. போக்குவரத்து விளக்கில் நின்றிருந்த ஒரு நண்பர், பச்சை விழுந்ததும் அவசரமாகக் காலை வீசி, பையில் பாதம் மாட்டி, சைக்கிளோடு சாய்ந்து பக்கத்து ஆட்டோவின் மேல் விழுந்தார். ஆட்டோ ஓட்டுநர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “என்ன சார், சீட்டுக்குப் பின்னாடி மூட்டையா?” என்று கேட்டதாகச் சொன்னார். சைக்கிளை உங்கள் பக்கம் நன்கு சாய்த்து, காலை முன்பைவிட ஒரு சாண் உயரமாகத் தூக்குங்கள்.

எந்தப் பொருளை எங்கே வைப்பது?

பாரமானவை சீட் போஸ்ட்டை ஒட்டிய முன்சுவரின் பக்கம், அடியில். இலேசானவை பின்னாலும் மேலேயும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே, ஏனெனில் அது வேண்டும்போது உடனே வேண்டும். பக்கத்துச் சிறு பைகள் இரண்டிலும் எடை சமமாக இருக்கட்டும்: ஒன்றில் டியூபும் லீவரும், மற்றொன்றில் ஓர் ஆரஞ்சும் கடலை மிட்டாயும் என்ற அளவில்.

பை பாதி காலியாக இருந்தால் உள்ளே பொருள்கள் உருளும். அந்த உருளலே ஆட்டத்தைக் கூட்டும். ஒரு துண்டை மடித்துத் திணித்துவிடுங்கள். சாவி, ஸ்பேனர் போன்ற கூரிய விளிம்புள்ளவற்றைத் துணியில் சுற்றி வையுங்கள். கித்தானுக்கு உள்ளிருந்து விழும் பொத்தல்கள் அவற்றால்தான் வருகின்றன.

தாங்கி வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் மாதத்தில் வாங்காதீர்கள் என்பதே என் பதில். சீட்டின் அடிக்கம்பிகளில் மாட்டிக்கொண்டு பையை அடியிலிருந்து ஏந்தும் உலோகத் தாங்கிகள் உண்டு. கேரடைஸ் விற்கும் ‘பேக்மேன்’ அந்த வகை. சீட் போஸ்ட்டில் ஒரு கட்டையை இறுக்கி, பையை ஒரே இழுப்பில் கழற்ற உதவும் ‘எஸ்.க்யூ.ஆர்.’ என்ற அமைப்பும் உண்டு. சக்கர இடைவெளி போதாதவர்களுக்கும், பெரிய பையை நிறைத்து ஓட்டுபவர்களுக்கும், நுரை வைத்தும் தொடை இடிப்பு தீராதவர்களுக்கும் இவை மெய்யாகவே தேவை. மற்றவர்கள் வார் படியும்வரை பொறுத்தால், அந்தப் பணத்தை ஒரு நல்ல மட்கார்டுக்குச் செலவிடலாம்.

ஒவ்வொரு மிதிக்கும் கிறீச் கிறீச் என்று ஒலி வருகிறது.

காய்ந்த தோல் உலோக வளையத்தில் உராயும் ஒலி. வளையத்தைத் துடைத்து, வார் படும் இடத்தில் சிறிது மெழுகு தேயுங்கள். அதற்குப் பிறகும் ஒலி வந்தால் பையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குற்றவாளி சீட்டாகவும் இருக்கலாம்.

பின்விளக்கை எங்கே மாட்டுவது?

சீட் போஸ்ட்டில் மாட்டிய விளக்கைப் பை முழுவதுமாக மறைத்துவிடும். ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது என்பதால், இருட்டில் போகும் முன் இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பல பைகளில் விளக்கின் கிளிப்பைச் செருக ஒரு பட்டை தைத்திருப்பார்கள். ஆனால் பை நிறைந்தால் அந்த விளக்கு வானத்தையும், காலியானால் தரையையும் பார்க்கும். மட்கார்டின் பின்முனையிலோ சக்கரத்துக்கு மேல் வரும் சட்டக் குழாயிலோ நிலையாக ஒரு விளக்கை மாட்டுவதே பாதுகாப்பு. பையில் மாட்டுவது உபரி.

மழையில் நனைந்தால் உள்ளே தண்ணீர் போகுமா?

பருத்திக் கித்தானில் மெழுகு ஏற்றியிருக்கும். அத்துடன், நனையும்போது பருத்தி நூல் பருத்து நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். சாதாரண மழையில் உள்ளே உலர்வாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டினால் தையல் வழியாகக் கசியும். தொலைபேசியையும் மாற்றுச் சட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றியே வையுங்கள். மட்கார்டு இல்லாதவர்களுக்கு மேலிருந்து வரும் மழையைவிடச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் எதிரி.

வீட்டுக்கு வந்தபின் செய்வதுதான் நம் ஊருக்குரிய பாடம். பையைக் காலி செய்து, மூடியைத் திறந்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடி அலமாரியில் வைத்தால் நான்கே நாளில் துணியின் உட்புறத்தில் சாம்பல் நிறப் பூசணம் புள்ளி புள்ளியாகப் படரும். வாரின் உட்புறமும் வெள்ளை பூக்கும். பூத்துவிட்டால் வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் நன்கு காயவிடுங்கள். நேர் வெயிலில் வாரைக் காயவைத்தால் விறைத்து வெடிக்கும்.

சோப்புத் தூள் போட்டு ஊறவைக்கவோ துவைக்கும் இயந்திரத்தில் போடவோ கூடாது; மெழுகெல்லாம் போய்விடும். சேறு காய்ந்ததும் தட்டி, குளிர்ந்த தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் போதும். சில ஆண்டுகளில் துணி வெளுத்துத் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும்போது, கித்தானுக்கென விற்கும் மெழுகைச் சூடாக்கிப் பூசிக்கொள்ளலாம்.

மெழுகு வாசனை எப்போது போகும்? கையில் பிசுபிசுக்கிறதே?

வாசனை இரண்டு மாதத்தில் மங்கிவிடும். பிசுபிசுப்பு மே மாத மதியங்களில் திரும்ப வரும். நிழலில் நிறுத்துங்கள், வெளிர் நிறக் கால்சட்டையோடு பையில் சாயாதீர்கள்.

கடைக்குள் போகும்போது பையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமா?

தேநீர் குடிக்க நிற்கும் பத்து நிமிடத்துக்கு நான் கழற்றுவதில்லை. கண்ணில் படும்படி நிறுத்துகிறேன். மூன்று பக்கிள்களை அவிழ்ப்பது நமக்கு எவ்வளவு அலுப்போ திருடனுக்கும் அவ்வளவு அலுப்பு. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே கைவிட அவனுக்குச் சில நொடிகள் போதும். பணப்பையையும் தொலைபேசியையும் சட்டைப்பைக்கு மாற்றிவிடுங்கள். நாள்தோறும் அலுவலகத்துக்குள் எடுத்துச் செல்பவர்கள் மேலே சொன்ன கழற்றும் அமைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

நெடுந்தூர ஓட்டத்துக்கு இந்தப் பை ஏற்றதா?

ஏற்றது, இதற்கு இங்கிலாந்தில் நீண்ட பழக்கமும் உண்டு. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1200 கிலோமீட்டர் ஓட்டத்தை 90 மணி நேரத்துக்குள் முடிக்க முயல்பவர்களில், குறிப்பாக இங்கிலாந்திலிருந்து வருபவர்களின் சைக்கிள்களில், இத்தகைய பைகளைக் காணலாம். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் காற்றை நெஞ்சால் வாங்கும்; இதுவோ ஓட்டுபவரின் முதுகு நிழலிலேயே வருகிறது. எதிர்க்காற்றில் கடற்கரைச் சாலையில் திரும்பி வந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நெடுந்தூர ஓட்டங்களை நடத்தும் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று கால வரம்பு. 200க்குப் பாதிப் பை நிறைந்தாலே அதிகம். ஆனால் நேற்று மாட்டிய பையோடு இன்று அப்படியொரு ஓட்டத்துக்குப் போகாதீர்கள். குறைந்தது நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள், பயணத்தில் எடுத்துச் செல்லப்போகும் அதே பாரத்தோடு ஓட்டி, வாரை அதன் நீளத்துக்கு வரவிடுங்கள். நள்ளிரவில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நனைந்த பக்கிளோடு போராடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வார் எங்கே முதலில் தேயும்? தேய்ந்தால் இங்கே கிடைக்குமா?

வளையத்தின் மேல் மடியும் இடத்தில், வாரின் உட்புறத்தில் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, அந்த மடிப்பை எதிர்ப்பக்கம் வளைத்துப் பாருங்கள். மயிரிழைபோல் ஒரு விரிசல் குறுக்கே ஓடினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. துளைகளின் ஓரம் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலும் அப்படியே.

மாற்று வாரைக் கப்பலில் தருவிக்க வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய மரபு நம்முடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் இன்றும் தோலால் வாழ்கிறது. சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளில் பட்டை பதனிட்ட தோல் வேண்டும் என்று கேளுங்கள். குரோம் பதனிட்டது மிருதுவாக, பார்க்க அழகாக இருக்கும். பாரத்தில் நீண்டுகொண்டே போகும். பழைய வாரின் அகலத்தையும் கனத்தையும் அளந்து எடுத்துச் செல்லுங்கள்; பக்கிளைக் கழற்றிப் புது வாரில் தைத்துத் தரச் சொல்லலாம்.

நீளத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் பழைய வார் ஏற்கெனவே நீண்டது. அதே அளவுக்குப் புது வாரையும் வெட்டினால் அதுவும் நீண்டு, கடைசித் துளையையும் தாண்டிவிடும். நுனிப்பக்கத் துளையில் இன்று பக்கிள் மாட்டும்படி வைத்து, பக்கிளின் பக்கமாக இன்னும் மூன்று துளைகளைக் கூடுதலாகப் போட்டு வாங்குங்கள். முதல் இரண்டு அந்த மாதமே தேவைப்படும்.